தகர முதுகு ரிமோட்

டிவி கேம் காசெட்டை வாயருகே வைத்து ஊதிவிட்டுப் பெட்டியில் செருகிய ஆட்கள் நாம். இப்போது நம்மில் பலருக்கு வெள்ளெழுத்து வந்துவிட்டது. மருந்துச் சீட்டைக் கைநீட்டித் தூரத்தில் வைத்துப் படிக்கிறோம். அதனால்தான் இதை உங்களிடம் சொல்கிறேன். என் பிள்ளைகளிடம் சொன்னால், கம்ப்யூட்டருக்குப் பின்னால் பிரிண்டருக்கென்று ஒரு அகலமான வாய் இருந்ததிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அதற்குள் அவர்கள் எழுந்து போய்விடுவார்கள்.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு கோடை. சேலையூரில் ஒரு மாடி வீட்டில் நாங்கள் குடியிருந்தோம். அம்மா பள்ளிக்கூட டீச்சர். அப்பா கிண்டியில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுபவர். எனக்குப் பன்னிரண்டு வயது, தம்பி என்னைவிட நான்கு வயது சின்னவன். கீழே ஹவுஸ் ஓனர். ஒரு காலத்தில் அந்தத் தெரு முழுக்க அவர்கள் குடும்பத்து நெல்வயல். வயலெல்லாம் பிளாட் போட்டு விற்ற பிறகு அவரிடம் மிஞ்சியது அந்த வீடும், பின்கட்டில் இருந்த பெரிய கிணறும்தான். கோடை வந்தால் மேடவாக்கம், வேளச்சேரிப் பக்கமிருந்து தண்ணீர் லாரிகள் வந்து கிணற்றடியில் நிற்கும். பகல் முழுவதும் மோட்டார் முனகிக்கொண்டே ஓடும். அந்தச் சத்தம் பழகிப் போய், ஓடும்போது காதில் விழாது. நின்றால்தான் தெரியும்.

ஓனருக்கு ஒரே மகள். பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் படித்துக்கொண்டிருந்தாள். எங்களுக்கு அவள் அக்கா. அவளுடைய அறைக்குள் போனாலே ஈயப்பற்று வைக்கும் புகை மணக்கும். சாம்பிராணியோடு எதையோ கருக்கியது மாதிரி ஒரு வாசனை. இன்றைக்கும் எங்காவது அந்த வாசனை வந்தால் நின்றுவிடுவேன்.

எங்கள் டிவி கேம் பெட்டி அந்த வருடம் பொங்கலுக்கு முன்பே செத்துப் போயிருந்தது. தம்பி இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. பிறகு அப்பாவின் ஆபீஸில் புதுக் கம்ப்யூட்டர்கள் வந்ததால், பழையதில் ஒன்று எங்கள் வீட்டுக்கு வந்தது. முன்னறையில் மேசை போட்டு, மூன்று பின் பிளக்குக்குப் புதிதாகப் பாயின்ட் வைத்து, பூப்போட்ட துணியில் உறை தைத்துப் போட்டார்கள். அப்பா முதல் நாளே சட்டம் போட்டுவிட்டார்.

"செருப்போட யாரும் உள்ள வரக் கூடாது. தூசி போச்சுன்னா கம்ப்யூட்டர் காலி."

நீங்களும் அப்படித்தானே இருந்திருப்பீர்கள்? கோயிலுக்குள் போவது மாதிரி செருப்பை வாசலில் விட்டுவிட்டு, வெறுங்காலோடு அந்தப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்த பிள்ளைகள் அப்போது எத்தனை பேர்!

குதித்துக் குதித்து ஓடும் ஒரு விளையாட்டு அதில் இருந்தது. தம்பி குதித்த குதியில் கீபோர்டின் அம்புக்குறிப் பட்டன் ஒன்று உடைந்தது. "இனிமே கேம் கிடையாது" என்றார் அப்பா. தம்பி அழுதுகொண்டே கீழே போய் அக்காவிடம் முறையிட்டான்.

"கீபோர்டு எதுக்குடா? டிவி கேம் ரிமோட்டையே கம்ப்யூட்டர்ல மாட்டிட்டா போச்சு" என்றாள் அக்கா.

எனக்கு அது ஃபிரிட்ஜில் சோறு வடிப்பேன் என்று சொன்னது போல இருந்தது. "அது வேற, இது வேற இல்லியாக்கா?"

"அதுல இருக்கறது எட்டு சுவிட்சும் ஒரு சின்ன சிப்பும்தான். எந்த ஒயர் எதுன்னு தெரிஞ்சா பிரிண்டர் போர்ட்ல கொண்டுபோய்க் குடுத்துடலாம். காலேஜ்ல ஒரு பொண்ணுகிட்ட அதுக்கு வேண்டிய புரோகிராம் ஃபிளாப்பி கூட இருக்கு."

எங்கள் பழைய பெட்டியின் ரிமோட்டுகள் தம்பியின் கட்டைவிரலில் தேய்ந்து எப்போதோ வீணாகியிருந்தன. அதனால் வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தைக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். வாத்துக் குஞ்சு, வண்ண மீன், பழைய மிக்ஸி, கழன்ற டயர் எல்லாம் தாண்டி, ஒரு தார்ப்பாயில் ரிமோட்டுகள் கயிறு கயிறாகப் பின்னிக் கிடந்தன. அக்கா குந்தி உட்கார்ந்து ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்தாள். அவளுக்குப் பிடித்ததற்குப் பின்பக்கத்து மூடி இல்லை.

"அண்ணா, இதுக்கு முதுகு எங்க?"

"முதுகு இல்லாங்காட்டி இன்னா தங்கச்சி? மூஞ்சி நல்லா கீதுல்ல!"

அக்கா சிரித்த சிரிப்பில் அவன் விலையைக் குறைத்துவிட்டான்.

முதுகை அவளே செய்தாள். அம்மா எடுத்துக் கொடுத்த காலிப் பவுடர் டப்பாவைப் பிளந்து, தட்டித் தட்டி நிமிர்த்தி, ஓரங்கள் கையைக் கிழிக்காதபடி மடித்துவிட்டாள். பிடித்துப் பார்த்தால் உள்ளங்கையில் சில்லென்று இருக்கும். மல்லிகைப் பவுடர் வாசனை கடைசி வரை போகவில்லை. தகரத்திலிருந்து ஒரு கறுப்பு ஒயரை எடுத்து, பிரிண்டர் போர்ட்டில் செருகும் பிளக்கின் இரும்பில் அவள் பற்றவைத்தபோது, அது எதற்கு என்று கேட்டேன்.

"கையால புடிக்கிற பொருள் மெட்டல் பாடின்னா கண்டிப்பா எர்த் பண்ணணும். அப்பத்தான் ஆபத்து இல்ல. எங்க லேப்ல மொத பாடமே அதுதான்."

இந்த வாக்கியம் எனக்கு வார்த்தை பிசகாமல் ஞாபகம் இருக்கிறது. காரணம் உங்களுக்குப் போகப் போகத் தெரியும்.

மாட்டிய அன்று அப்பா பின்னால் கைகட்டி நின்றார். "பிரிண்டர் போர்ட்டுக்கு ஒண்ணும் ஆகாதேம்மா?" என்று மறுபடி மறுபடி கேட்டார். "ஆகாது சார்" என்றாள் அக்கா. தம்பி வலது பட்டனை அமுக்கினான். திரையில் இருந்த குட்டி மனிதன் வலது பக்கம் ஓடினான். பல்லாவரம் சந்தையில் தார்ப்பாயில் கிடந்த பொருள், அப்பாவின் ஆபீஸ் கம்ப்யூட்டருக்குள் இருக்கும் ஓர் ஆளை ஓட வைத்துவிட்டது! தம்பி போட்ட கூச்சலில் கீழேயிருந்து ஓனர் மாமாவே படியேறி வந்தார்.

"இன்னா பாப்பா, நீயா செஞ்ச?" என்றார். முகத்தில் அத்தனை பெருமை. "எம் பொண்ணு சார்!" என்று அப்பாவிடம் சொன்னார், அப்பாவுக்கு அது தெரியாது என்பதுபோல.

அந்தக் கோடையில் இன்னொன்றும் நடந்துகொண்டிருந்தது. அம்மா இட்லிக்கு அரைக்கும்போது கிரைண்டரைத் தொட்டால் சுர்ரென்று இழுக்கும். சில நாள் இழுக்காது. அம்மா ஓனரிடம் சொன்னாள்.

"வெய்யக் காலத்துல அப்டித்தான் டீச்சரம்மா. கால்ல செருப்பு போட்டுகினு அரைங்க, ஒண்ணும் ஆவாது" என்றார்.

அம்மா சமையலறைக்கென்று ஒரு ஜோடி ரப்பர் செருப்பு வாங்கிக்கொண்டாள். அதோடு அதை மறந்தும் போனோம்.

அது ஒரு சனிக்கிழமை, பத்து பதினொரு மணி இருக்கும். கீழே லாரிக்குத் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. லாரி ஓஸ் பைப்பின் மூட்டில் ஒழுகும் தண்ணீரில் தெருப்பிள்ளைகளெல்லாம் நனைவார்கள். தம்பியும் நனைந்துவிட்டு, டிரவுசரிலிருந்து நீர் சொட்டச் சொட்ட மாடிக்கு ஓடிவந்தான். நான்தான் கம்ப்யூட்டரைப் போட்டு வைத்திருந்தேன். ஈரத் தரையிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து, இரண்டு கையாலும் ரிமோட்டை எடுத்தான்.

அவன் கத்தவில்லை. அதை நான் சொல்லியாக வேண்டும். கத்தியது நான். அவன் உடம்பு விறைத்துப் பின்னால் வளைந்தது. பற்கள் நெறிபடும் சத்தம் கேட்டது. ரிமோட்டைத் தூக்கிப் போடாமல் அவன் ஏன் இன்னும் இறுக்கிப் பிடிக்கிறான் என்று எனக்குப் புரியவே இல்லை. திரையில் அந்தக் குட்டி மனிதன் ஓடிக்கொண்டே இருந்தான். அம்மா சமையலறையிலிருந்து ஓடிவந்து அவனைத் தொட்டாள். தொட்ட மாத்திரத்தில் சுவரில் போய் விழுந்தாள். "ஏசப்பா" என்ற அவள் குரல் பாதியில் அறுந்தது. நான் ஜன்னல் பக்கம் திரும்பி மறுபடியும் வீறிட்டேன்.

அப்போது கீழே மோட்டார் நின்றது. தம்பி துணி மாதிரித் தரையில் சரிந்தான்.

படியில் முதலில் ஏறி வந்தவர் ஓனர் மாமா. யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. தம்பியை வாரித் தோளில் போட்டுக்கொண்டு, மே மாதத் தார் ரோட்டில் வெறுங்காலோடு கேம்ப் ரோடு நர்சிங் ஹோம் வரைக்கும் ஓடினார். வழியில் வந்த ஆட்டோவைக்கூடக் கவனிக்கவில்லையாம். டாக்டர் வெளியே வந்து "பையன் பிழைச்சுட்டான்" என்றபோது, அப்பாவைவிட அவர்தான் அதிகமாக அழுதார். துண்டை வாயில் அடைத்துக்கொண்டு அழுதார். தம்பியின் இரண்டு உள்ளங்கைகளிலும், தகர ஓரம் பதிந்த இடத்தில் வெள்ளையாக ஒரு கோடு வெந்திருந்தது.

"எப்பேர்ப்பட்ட மனுஷன்" என்றாள் அம்மா. அன்று நாங்கள் எல்லோரும் அப்படித்தான் நினைத்தோம்.

அப்பா அதிர்ந்து பேசாத ஆள். அவர் வீடு திரும்பி, தெருவே கேட்கும்படி அக்காவைப் பார்த்துக் கத்தியது எனக்கு இன்னொரு அதிர்ச்சி.

"நீ என்ன பெரிய இன்ஜினியரா? எவனோ தூக்கிப் போட்ட குப்பையைக் கொண்டுவந்து கரண்ட்ல மாட்டி, என் பிள்ளை கையில குடுத்துட்டியே! செத்திருந்தா உயிரைத் திருப்பிக் குடுப்பியா?"

"சார், அதுல அவ்ளோ கரண்ட் வரவே வராது சார். அஞ்சு வோல்ட்டுதான்..."

"பேசாதே!"

அக்கா தன் அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு விடுவிடுவென்று அவள் அறைக்குள் போய், ஈயப்பற்று வைக்கும் அந்தக் கோலை எடுத்து வந்து, துவைக்கிற கல்லில் அடித்து உடைத்தார்.

"இனிமே இவ எதியும் தொட மாட்டா சார். காலேஜும் போதும். ஒரு நல்ல எடமா பாத்துக் கட்டிக் குடுத்துர்றேன்."

 அக்கா உடைந்த துண்டுகளைப் பொறுக்கிப் பாவாடை மடியில் போட்டுக்கொண்டாள்.  தான் செய்ததுதான் என்று அவளே நம்பத் தொடங்கியிருந்தாள் என்று நினைக்கிறேன்.

தம்பி வீட்டுக்கு வந்த பிறகு ஒரு மத்தியானம், அப்பா இல்லாத நேரம் பார்த்து அவள் மேலே வந்தாள். அம்மா வாவென்றும் சொல்லவில்லை, போவென்றும் சொல்லவில்லை. சமையலறைக்குள் போய்விட்டாள். அக்கா கட்டிலருகில் உட்கார்ந்து, கட்டுப் போட்ட அவன் கைகளைப் பார்த்தாள்.

"ரொம்ப வலிச்சுதாடா?"

"தெரியலக்கா. ஓனர் மாமா தூக்கிட்டு ஓடுனாருல்ல, அதான் ஞாபகம் இருக்கு. என் காதுல சொல்லிட்டே ஓடுனாரு."

"என்னா சொன்னாரு?"

"'கண்ணத் தொறடா ராஜா, நிறுத்திட்டேன்டா, நிறுத்திட்டேன்டா'ன்னு சொன்னாரு."

அக்கா என்னைப் பார்த்தாள். "எத நிறுத்தினாரு?"

மோட்டார் நின்ற பிறகுதான் தம்பி விழுந்தான் என்று அப்போதுதான் நான் சொன்னேன். அதுவரை யாரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை.

அவள் கீழே போய் டெஸ்டரோடு வந்தாள். திருப்புளி மாதிரி இருக்கும், கரண்ட் இருந்தால் உள்ளே ஒரு சின்ன விளக்கு எரியும், அதுதான். கம்ப்யூட்டர் பெட்டியின் பின்பக்கத்து இரும்பில் வைத்தாள். எரியவில்லை. ரிமோட்டின் தகரத்தில் வைத்தாள். எரியவில்லை. லாரி வரட்டும் என்று காத்திருந்தோம். ஹாரன் கேட்டது. மோட்டார் முனகத் தொடங்கியது. அவள் தகரத்திலிருந்து எடுக்காமல் வைத்திருந்த டெஸ்டருக்குள் செக்கச் செவேலென்று விளக்கு எரிந்தது.

சமையலறைக்குப் போய்க் கிரைண்டரில் வைத்தாள். எரிந்தது. ஃபிரிட்ஜிலும் எரிந்தது. பின்னாலேயே வந்து பார்த்த அம்மா, சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள்.

"பில்லு ஏறக் கூடாதுன்னு மோட்டார் கரண்ட்ட மீட்டர்ல ஓட விடாம எர்த்துல விட்டிருக்காங்க ஆன்ட்டி. மண்ணு காஞ்சிருச்சு, அதால வாங்கிக்க முடியல. அது எர்த் ஒயர் வழியா வூடு முழுக்கத் திரும்பி ஏறுது, நான் வச்ச ஒயர் வழியா இந்தத் தகரத்துக்கும்" என்றாள். பிறகு மிகவும் மெதுவாக, "எங்க நைனாவுக்குத் தெரிஞ்சிருக்கு" என்றாள்.

கிணற்றடியில் பட்டுப்போன செம்பருத்தி ஒன்று இருந்தது. அதன் அடியில் அவர் தினமும் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுவார். செத்த செடிக்கு ஏன் இவ்வளவு தண்ணீர் என்று அம்மா கேலிகூடச் செய்திருக்கிறாள். எர்த் ஒயரைப் புதைத்த குழி அங்கேதான் இருந்தது. அந்த மண் காயக் கூடாது என்றுதான் ஊற்றியிருக்கிறார்.

மறுநாள் ஞாயிறு. நாங்கள் சர்ச்சுக்குப் போய் வந்ததும் அக்கா தன் அப்பாவை மேலே கூட்டிக்கொண்டு வந்தாள். கீழே லாரி நின்றது, மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அப்பாவின் முகம் மறுபடியும் சிவந்தது. "இன்னும் என்ன?" என்றார்.

 அக்கா டெஸ்டரைத் தகரத்தில் வைத்துக் காட்டினாள். விளக்கு எரிந்தது.

"அது சொம்மாவே எரியும் பாப்பா. பழைய டெஸ்டரு" என்றார் ஓனர்.

"சும்மாத்தான் எரியுதா நைனா?"

"ஆமா. நீ கீழ வா."

அவள் டெஸ்டரைக் கீழே வைத்தாள். ஒயரைப் பிடித்து ரிமோட்டைத் தூக்கினாள். அது இருவருக்கும் நடுவில் தொங்கியது.

"அப்ப இதப் புடி."

அவர் பிடிக்கவில்லை.

  அவர் கை இடுப்பிலிருந்து கொஞ்சம் எழுந்தது. பாதியில் நின்றது. பிறகு முதுகுக்குப் பின்னால் போய்விட்டது. காய்த்துப்போன பெரிய கை. என் தம்பியை அத்தனை தூரம் தாங்கிக்கொண்டு ஓடிய கை.

"உங்களுக்குத் தெரியுமா?" என்றார் அப்பா. அது கேள்வி போலவே இல்லை.

"புள்ளைக்கு இப்டி ஆவும்னு நெனைக்கல சார். சத்தியமா நெனைக்கல."

"உங்க பொண்ணை நான் அப்படிப் பேசினப்போ பக்கத்துலதானே நின்னீங்க?"

அவர் படியிறங்கினார். அக்காவும் பின்னாலேயே போனாள். நான் பால்கனியிலிருந்து பார்த்தேன். மோட்டார் ஷெட் வாசலில் அவள் கையை நீட்டினாள். அவர் கட்டிங் பிளேயரை எடுத்து அவள் கையில் வைத்தார். அவள் மெயினை அணைத்துவிட்டு உள்ளே போய், மோட்டாரிலிருந்து எர்த்துக்குப் போன தடியான ஒயரை வெட்டி வெளியே எறிந்தாள். லாரிக்காரர் தலையை நீட்டினார்.

"இன்னாம்மா, பாதி கூட ரொம்பல!"

"இனிமே இங்க தண்ணி கெடையாதுண்ணா. வேற எடம் பாரு."

பிறகு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அப்பா புகார் கொடுக்கவில்லை. பிள்ளையைக் காப்பாற்றியவர் மேல் எப்படிக் கொடுப்பது என்று அம்மா தடுத்துவிட்டாள். அது சரியா தப்பா என்று நானும் தம்பியும் இன்றுவரை சண்டை போடுகிறோம். அக்கா படிப்பை முடித்தாள். அதை நிறுத்த அவள் அப்பாவுக்கு வாய் வரவில்லை. ஆனால் அதன் பிறகு இருவரும் ஒரே வீட்டில் பேசாமல் இருந்தார்கள், அவளுக்குக் கல்யாணமாகிக் கேளம்பாக்கம் பக்கம் போகும்வரை. நாங்கள் அடுத்த வருடம் குரோம்பேட்டைக்கு மாறினோம். ஒரு நல்ல மனிதர், தன் பெண் மேல் பழி விழுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா நின்றார் என்பதை இத்தனை வருடம் கழித்தும் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. கெட்டவர் என்று சொல்லிவிட்டால் எனக்குச் சுலபமாக இருக்கும். தார் ரோட்டில் அவர் பாதம் கொப்பளித்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

அந்த ஞாயிறை நான் இன்னும் முடிக்கவில்லை.

ஒயரை வெட்டிவிட்டு அக்கா மேலே வந்தாள். மெயினைப் போட்டு, ஒவ்வொரு இடமாக டெஸ்டர் வைத்துப் பார்த்தாள். எங்கும் எரியவில்லை. கம்ப்யூட்டரைப் போட்டாள். ரிமோட்டை இரண்டு கையாலும் எடுத்துத் தகரத்தை இறுக்கிப் பிடித்துக் காட்டினாள்.

"ஒண்ணும் இல்ல சார். பாருங்க."

அப்பா தலையாட்டினார். கிட்டே வரவில்லை. நான் சுவரோடு ஒட்டி நின்றேன். எனக்கு அக்காவை அவ்வளவு பிடிக்கும். ஆனாலும் அந்தத் தகரத்தைத் தொட என் உடம்பு ஒத்துக்கொள்ளவில்லை. தம்பி கட்டிலில் கட்டுப் போட்ட கைகளோடு எழுந்து உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். அக்கா கொஞ்ச நேரம் எங்கள் முகங்களைப் பார்த்தாள். ரிமோட்டை மேசையில் வைத்துவிட்டுக் கிளம்பத் திரும்பினாள்.

"இரும்மா" என்றாள் அம்மா.

அம்மா அதுவரை அந்தக் கம்ப்யூட்டரைத் தொட்டதே இல்லை, உறை தைத்துக் கொடுத்ததோடு சரி. சுவரில் மோதிய தோள் இன்னும் நீலமாக இருந்தது. ஈரக் கையைச் சேலையில் நன்றாகத் துடைத்துக்கொண்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். கண்ணை மூடினாள். உதடுகள் என்னவோ முணுமுணுத்தன. கை எட்டுவதும் பின்வாங்குவதுமாக இருந்தது. பிறகு, சூடான பாத்திரத்தை இறக்குவது மாதிரி, இரண்டு கையாலும் ரிமோட்டைச் சட்டென்று பிடித்துவிட்டாள். பிடித்த பிறகும் கண்ணைத் திறக்கவில்லை. மூச்சுக்கூட விடவில்லை.

"எதம்மா அமுக்கணும்?" என்றாள் அக்காவிடம்.

 அக்கா அம்மாவின் கட்டைவிரலை எடுத்து வலது பட்டனில் வைத்தாள். அன்று முழுக்க அழாதவள், அப்போது அம்மாவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு உடம்பு குலுங்க அழுதாள். திரையில் குட்டி மனிதன் ஓடத் தொடங்கினான். எதிரே பள்ளம் வந்தது.

"அம்மா, குதி!" என்று கட்டிலிலிருந்து கத்தினான் தம்பி. "கண்ணத் தொறந்து குதிம்மா!"